கப்பலில் வந்தது, லாரியில் போகிறது

செட்டிநாட்டு வீடுகளின் மரமும் கல்லும் கடல் கடந்து வந்து சேர்ந்த வழியைத் தேடி ஒரு பயணம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் காலையில் நடந்தால், பழம்பொருள் கடைகளின் வாசலில் தேக்குத் தூண்கள் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று தலைமுறைக் கல்யாணங்களை நின்றபடியே பார்த்த தூண்கள் அவை. பக்கத்தில் நிலைகள், சன்னல் கதவுகள், ரசம் மங்கிய பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தூக்குகள். தெருமுனையில் லாரி நிற்கிறது. அடியில் வைக்கோலும் பழஞ்சாக்கும் பரப்பி, நான்கைந்து பேர் தோள் கொடுத்துத் தூணை ஏற்றுகிறார்கள். கடற்கரை விடுதிக்கோ, பெருநகரத்து வீட்டு வரவேற்பறைக்கோ அது போகும். விலை பேசும்போது நீளம் கேட்பார்கள், சுற்றளவு கேட்பார்கள், செல்லரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். இந்த மரம் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் ஒரு பெரிய வரலாறு கிடைத்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் அழகைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த அழகை இங்கே கொண்டுவந்து இறக்கிய உழைப்பைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். சுமந்தவர்களின் கதை இல்லாமல் அந்த வீடுகளின் கதை முழுமையாகாது.

ஆறும் இல்லை, காடும் இல்லை

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது செட்டிநாடு. முன்பு 96 ஊர்கள் என்பது வழக்கு. இன்று எழுபதுக்குச் சற்று மேல். வானம் பார்த்த செம்மண் பூமி. காவிரி வடக்கே தொலைவில் ஓடுகிறது, வைகை தெற்கே ஒதுங்கிப் போகிறது. காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் தொட்டு ஓடும் பெரிய ஆறு எதுவும் கிடையாது. உத்திரத்துக்கு ஆகும் மரம் தரும் காடும் கிடையாது. கடல் இருக்கிறது. ஆனால் காரைக்குடியிலிருந்து தொண்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

ரயில்? திருச்சிக்கு 1860-களிலும் மதுரைக்கு 1875-லும் ரயில் வந்துவிட்டது. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் செல்லும் பாதை 1902-ல் திறந்தது. திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று செட்டிநாட்டின் நடுவே ஓடும் பாதை முழுமையானது 1930-ல்தான். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை எழுந்தவை. அதாவது ரயில் வருவதற்கு முன்பே பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஊருக்குள் வந்து இறங்கிவிட்டன.

ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று நீளும் வீடுகள். திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தூண்கள். இப்படி ஒரு வீட்டை ஆற்றங்கரையில் கட்டுவதே பெரும்பாடு. இந்தக் காய்ந்த நிலத்தில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு கட்டினார்கள்.

கொண்டுவிக்கப் போன இடம்

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று பல திசைகளில் போனாலும், வீடு கட்டும் செல்வத்தில் பெரும்பங்கு பர்மாவில் (இன்றைய மியான்மர்) விளைந்தது. 1852-ல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு திருத்தி நெல் விதைக்கக் கடன் தேவைப்பட்ட விவசாயிக்கு அதைக் கொடுத்தவர்கள் ரங்கூன் மொகல் தெருவிலும் உள்ளூர்களிலும் கடை வைத்திருந்த செட்டியார்கள். 1929-30-ல் பர்மா மாகாண வங்கித் தொழில் விசாரணைக் குழு எடுத்த கணக்கின்படி, அந்நாட்டில் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய்.

அந்தப் பர்மாவில்தான் உலகின் சிறந்த தேக்கு இருந்தது. ஆனால் தேக்கை வெட்டியவுடன் ஆற்றில் தள்ள முடியாது. பச்சைத் தேக்கு மிதக்காது, மூழ்கிவிடும். அதனால் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் சுற்றிலும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே சாகவிடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அது நின்றபடி காயும். பிறகு வெட்டிச் சாய்த்து, யானைகள் இழுத்து ஓடைப் படுகையில் போடும். மழைக்காலத்தில் ஓடை பெருகும் வரை மரம் அங்கேயே கிடக்கும். மழை குறைந்த வருடம் என்றால் அடுத்த வருடம் வரை காத்திருக்கும். ஓடையிலிருந்து ஆற்றுக்கு வந்ததும் கட்டைகளைச் சேர்த்துத் தெப்பமாகக் கட்டி, தெப்பத்தின் மேலேயே குடிசை போட்டுக்கொண்டு, ஐராவதியில் மிதந்து ரங்கூன் வரை வருவார்கள் பர்மியத் தெப்பக்காரர்கள். சால்வீன் ஆற்று மரம் மௌல்மீன் துறைக்குப் போகும்.

ஆக, வளையம் வெட்டிய நாளிலிருந்து ரங்கூன் மர ஆலையின் ரம்பத்தைத் தொடும் வரை பல ஆண்டுகள். செட்டிநாட்டு வளவில் நிற்கும் ஒரு தூணின் வயதை வீட்டின் வயதோடு கணக்கிடுகிறோம். அது கப்பல் ஏறுவதற்கு முன்பே பாகன், யானை, தெப்பக்காரர், ரம்பக்காரர் என்று எத்தனையோ கைகள் அதைத் தொட்டிருக்கின்றன.

ஆழம் இல்லாத கடல்

ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கடல்வழி ஏறத்தாழ ஆயிரம் கடல்மைல். நீராவிக் கப்பலுக்கு அது மூன்று நான்கு நாள் பயணம்தான். சிக்கல் கரையில் காத்திருந்தது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை இறக்கிய காலம் நெடுநாள் நீடித்தது. 1875-ல் தொடங்கிய செயற்கைத் துறைமுகம் முடிகிற தறுவாயில் 1881-ல் புயலில் சிதைந்தது. மீண்டும் கட்டி முடிக்க 1896 ஆனது. தூத்துக்குடியிலும் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டன.

செட்டிநாட்டுக்கு மிக அருகில் இருந்த தொண்டியோ பாக் நீரிணையின் ஆழமற்ற கடலில் இருக்கிறது. பெரிய கப்பல் அங்கே நெருங்கவே முடியாது. அது தோணிகளின் துறை. இலங்கையிலிருந்து முதிரை மரம் போன்றவை வர இந்தக் கரை வசதி. ஆழ்கடல் கப்பலில் வரும் பெரும்பாரம் என்றால் ஒரு பெரிய துறைமுகத்தில் இறங்கி, தோணிக்கோ ரயிலுக்கோ மாறி, கடைசியில் மாட்டு வண்டிக்கு வர வேண்டும்.

சரக்குப் போக்குவரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: தூரத்தைவிட மாற்றி ஏற்றுவதுதான் செலவு. ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் கூலி, காத்திருப்பு, சேதம். கப்பலிலிருந்து படகு, படகிலிருந்து கரை, கரையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து ரயில், ரயிலிலிருந்து வண்டி. ஆளுயரக் கண்ணாடி ஒன்று இத்தனை கை மாறி, கீறல் இல்லாமல் கானாடுகாத்தானின் சுவரில் ஏறியிருக்கிறது. அந்தக் கண்ணாடியின் முன் நின்று நம் முகத்தைப் பார்க்கும்போது இதை ஒரு நிமிடம் நினைக்கலாம்.

கடைசி ஐம்பது கிலோமீட்டர்

இனி வண்டியின் கதை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அடி நீளமும் 6 அடி சுற்றளவும் உள்ள தேக்குக் கட்டை ஏறத்தாழ 57 கன அடி. காய்ந்த தேக்கு ஒரு கன அடிக்குப் பதினெட்டு, பத்தொன்பது கிலோ. மொத்தம் ஒரு டன்னுக்குக் குறையாது. மண் சாலையில் ஒரு சோடி மாடு இழுக்கும் பாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது ஒரு கட்டைக்கு ஒரு வண்டி.

வளவுத் தூண்கள், உத்திரங்கள், நிலைகள், கதவுகள், மாடிக்கு வேண்டிய கட்டைகள் என்று ஒரு நடுத்தர வீட்டுக்கு ஐம்பது கட்டைகள் என்று வைத்தால்கூட, மரத்துக்கு மட்டும் ஐம்பது வண்டி. பளிங்குக்கு வருவோம். ஆயிரம் சதுர அடிக் கூடத்துக்கு ஓர் அங்குலக் கனப் பளிங்கு போட்டால் ஆறு டன்னுக்கு மேல் ஆகிறது. மரமாவது வழியில் விழுந்தால் தாங்கும். பளிங்கு பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே விரிந்துவிடும்.

பாரம் இழுக்கும் மாடு நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான் போகும். தொண்டியிலிருந்து காரைக்குடிக்கு இரண்டு நாளுக்கு மேல். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சியிலிருந்து என்றால் நான்கு நாள். வெயிலுக்கு அஞ்சி இரவில் வண்டி பூட்டுவார்கள். அடியில் அரிக்கேன் விளக்கு ஆடும், கழுத்து மணி ஒலிக்கும், முன்வண்டிக்காரர் விழித்திருந்தால் பின்னால் வருபவர்கள் கண்ணயரலாம். வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஊருணி வேண்டும், லாடம் கழன்றால் அடிக்க ஆள் வேண்டும், அச்சு முறிந்தால் மாற்று வேண்டும். உப்பு ஏற்றிப் போன உமணர்கள் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு சொல்கிறது. வழியில் எது உடையும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிற அறிவு இந்த மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழையது.

நினைத்தபோதெல்லாம் வண்டி பூட்டவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் காலம். அதே மாதங்களில் செம்மண் தடம் சேறாகும், கண்மாய்க் கரைகள் நெகிழும், மாடுகள் உழவில் இருக்கும். தை அறுவடை முடிந்தால் தடமும் காயும், மாடும் ஆளும் கிடைக்கும். எனவே கொள்முதல், கப்பல், வண்டி மூன்றையும் ஒரே பருவத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஒன்று தவறினால் கட்டுமானம் ஒரு வருடம் நிற்கும். பல வீடுகள் ஆண்டுக்கணக்கில் எழுந்ததற்கு வேலைப்பாட்டின் நுணுக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

வீட்டைக் கட்டியவரின் விலாசம் முகப்பின் மேல் சுதையில் நிற்கிறது. அந்த வண்டிக்காரர்களின் பெயர் எங்கும் இல்லை.

கடிதத்தில் ஓடிய கட்டுமானம்

தொலைபேசி இல்லாத நாளில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து இத்தனை சரக்கையும் வரவழைத்தது எப்படி? விடை நகரத்தாரின் தொழில் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு துறைமுக நகரிலும் கிட்டங்கி என்ற அலுவலகம். அதில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாகப் பழகிய ஆட்கள். மூன்று ஆண்டுக் கணக்கு என்று போய் வருவார்கள். ஒரு நிறுவனத்துக்குக் கிளை இல்லாத ஊரில் பங்காளிக்கோ சம்பந்திக்கோ கிளை இருக்கும். பணத்தை மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதில்லை. உண்டியல் எழுதினால் அந்த ஊரில் பணம் கிடைக்கும்.

வட்டித் தொழிலுக்காக நெய்த இந்த வலையே கட்டடப் பொருளையும் இழுத்து வந்தது. ரங்கூனில் இருப்பவர் மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவார். துறைமுகத்தில் இருப்பவர் இறக்கிக் கணக்கெடுப்பார். ஊரில் இருப்பவர் வண்டி அமர்த்துவார். எல்லாம் கடிதத்தில் நடக்கும், எல்லாம் பேரேட்டில் ஏறும். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தால் ஓர் அணாவுக்கும் கணக்கு இருக்கும். ஐரோப்பாவுக்கு அரிசியும் பருத்தியும் ஏற்றிப் போகும் கப்பல்கள் திரும்பி வரும்போது அவற்றுக்குச் சரக்கு தேவை. கனமான தரை ஓடும் பளிங்கும் இரும்பும் அந்த வழியில் வந்தன. இங்கிலாந்தின் வார்ப்பிரும்புத் தூணும், சப்பானின் பூவேலைச் சுவர் ஓடும், இத்தாலியின் பளிங்கும் ஒரே வளவில் கூடி நிற்பதற்கு இந்த வலைதான் காரணம். பணம் மட்டும் இருந்து வலை இல்லாமல் போயிருந்தால் அவை வந்திருக்காது.

பக்கத்தில் கிடைத்ததைப் பக்கத்திலேயே எடுத்தார்கள்

எல்லாமே கப்பலில் வந்தது என்று நினைத்தால் செட்டிநாட்டைப் பாதிதான் புரிந்துகொண்டோம். ஒரு கட்டடத்தில் அதிகப் பாரம் சுவர். அந்தச் சுவர் முழுக்க உள்ளூர். செம்புராங்கல் இந்த மண்ணிலேயே வெட்டி எடுத்தது. செங்கல் கண்மாய்க் களிமண்ணில் அறுத்து, பக்கத்திலேயே சூளை போட்டது. கருங்கல் புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளில் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் அந்தப் பக்கத்திலிருந்து போனதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சுண்ணாம்பைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மாடு பூட்டிய செக்கில் மணலோடு அரைத்தார்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள். மேல்பூச்சுக்கு மாவாய் அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு. நூறாண்டு கழித்தும் அந்தச் சுவர் தொட்டால் வழுக்குகிறது, கோடையில் குளிர்கிறது. இதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரும் ஒரு கட்டடப் பொருள்தான். சுண்ணாம்பு நீற்ற, செங்கல் அறுக்க, சுவர் நனைக்க ஓயாமல் வேண்டும். ஆறில்லாத ஊரில் அதை ஊருணிகள் கொடுத்தன. செம்புராங்கல் படி கட்டி, வரத்துக்கால் வெட்டி, தெருவில் விழும் மழை முழுவதும் ஊருணிக்குப் போகும்படி ஊரையே சரிவு பார்த்து அமைத்தார்கள். வீட்டின் கூரையில் விழும் மழை வளவில் இறங்கி, கிணற்றையும் ஊருணியையும் சேரும்.

இந்த அறிவின் முற்றிய வடிவம் ஆத்தங்குடி ஓடு. உள்ளூர் மணல், சிமெண்ட், வண்ணம், ஒரு கண்ணாடித் துண்டு. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே காரையைப் போட்டு அழுத்துவார்கள். காய்ந்ததும் நீர்த்தொட்டியில் ஊறும். பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு ஓட்டுக்கு வந்துவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், கப்பல் வேண்டாம். பத்து அங்குல ஓடு ஒன்று இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஆயிரம் சதுர அடிக்கு 1,440 ஓடு, நான்கு டன். வெளியூருக்கு அனுப்பும்போது படுக்கவைத்தால் உடையும் என்று செங்குத்தாக நிறுத்தி அடுக்குகிறார்கள். ஆத்தங்குடிக்கு ஐந்து மைல் சுற்றில் வீடு கட்டுபவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

பக்கத்தில் கிடைப்பதைப் பக்கத்தில் எடு. கிடைக்காததை மட்டும், நூறாண்டு நிற்கும் தரத்தில், தூரத்திலிருந்து கொண்டுவா. செட்டிநாடு இந்த விதியில்தான் கட்டப்பட்டது. இது இன்றைக்கும் பொருந்தும்.

சிமெண்ட் கப்பல்கள் நின்ற துறை

இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 1970-களில் எண்ணெய்ப் பணம் குவிந்த நைஜீரியா, பெரும் கட்டுமானத் திட்டங்களுக்காகச் சுமார் 2 கோடி டன் சிமெண்ட் வெளிநாடுகளில் வாங்க ஒப்பந்தம் போட்டது. லாகோஸ் துறைமுகம் ஆண்டுக்குக் கையாளக்கூடிய சிமெண்ட்டோ அதில் ஒரு சிறு பங்கு. 1975-ல் நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் வரிசை கட்டி மாதக்கணக்கில் நின்றன. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறியது. ஈரக்காற்றில் சிமெண்ட் கெட்டுப்போனது. பணம் இருந்தது, பொருள் இருந்தது, இறக்கி எடுத்துப்போக வழி இல்லை.

கடலே இல்லாத நாடுகள் ஆப்பிரிக்காவில் 16. உகாண்டாவின் கம்பாலாவுக்கு ஒரு கம்பிக்கட்டு போக வேண்டுமென்றால் கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியிலோ ரயிலிலோ போக வேண்டும். எல்லைச் சோதனைச் சாவடியில் காத்திருக்க வேண்டும். அந்த வழியை முதலில் திறந்த ரயில்பாதையை 1896 முதல் 1901 வரை போட்டவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்கள் மட்டும் ஏறத்தாழ 32,000 பேர். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். உலகில் எங்கு பார்த்தாலும் கட்டடப் பொருள் போகும் பாதையின் அடியில் உழைத்தவர்களின் எலும்பு இருக்கிறது.

அதே ஆப்பிரிக்காவிலிருந்து நல்ல பாடமும் வருகிறது. கடலில்லாத புர்கினா பாசோ நாட்டின் காண்டோ கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கெரே, தன் ஊருக்கு 2001-ல் ஒரு பள்ளி கட்டி முடித்தார். களிமண்ணில் சிறிது சிமெண்ட் கலந்து ஊர்மக்களே கல் அறுத்தார்கள். பாரந்தூக்கி இல்லாத ஊர் என்பதால் கூரைக்குப் பெரிய இரும்பு உத்திரம் கேட்கவில்லை. சாதாரணக் கட்டுமானக் கம்பிகளை அங்கேயே பற்றவைத்து, கையால் தூக்கி வைக்கும் எடையில் சட்டகம் செய்தார். அந்தக் கெரேவுக்கு 2022-ல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. ஆத்தங்குடிக்காரருக்கும் காண்டோக்காரருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இருவரும் கண்டுகொண்ட வழி ஒன்றுதான்.

பாரத்தைப் பிரித்துச் சுமக்கும் இந்த அறிவு செட்டிநாட்டில் அற்றுப்போகவும் இல்லை. காரைக்குடியை அடுத்த பிள்ளையார்பட்டியில் பிறந்த கணபதி ஸ்தபதி, குமரிமுனைப் பாறையில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார். சுமார் 7,000 டன் எடை, 3,681 கற்கள். ஒவ்வொன்றையும் கரையில் செதுக்கி, படகில் ஏற்றி, அலையடிக்கும் பாறையில் இறக்கி, வரிசை தவறாமல் அடுக்கினார்கள். 2000-ம் ஆண்டு சனவரி 1 அன்று திறந்த அந்தச் சிலை, 2004-ல் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அசையவில்லை.

திரும்பிப் போகும் வண்டி

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாகக் கிடைத்த நிலத்தோடு பணம் பர்மாவில் முடங்கியது. 1942-ல் சப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பல்லாயிரம் இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். பர்மாவின் விடுதலைக்குப் பின் 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம், 1960-களில் நெ வின் ராணுவ ஆட்சியின் தேசியமயமாக்கம். வீட்டைக் கட்டிய வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது.

அந்த வீட்டுக்கு இன்று பங்காளிகள் பலர். இருபது புள்ளி, முப்பது புள்ளி (ஒரு தம்பதி ஒரு புள்ளி) என்று பெருகிய குடும்பங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. கல்யாணம், சாந்தி, முன்னோருக்கான படைப்பு என்றால் கூடுகிறார்கள். மற்ற நாளில் ஒரு காவலாளும் புறாக்களும். மழை ஓட்டைப் பிரிக்கிறது, ஒழுகல் உத்திரத்தில் இறங்குகிறது, கரையான் ஏறுகிறது. பழுதுபார்க்க ஆகும் தொகைக்கு எல்லாப் பங்காளிகளும் ஒப்ப வேண்டும். பிரித்து விற்க ஒப்புவது எளிதாகிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் குடியிராத வீட்டுக்கு வரி கட்டி, கூரை வேய்ந்து, தலைமுறைகளாகக் காத்தவர்களும் அவர்கள்தான்.

பிரித்தால் என்ன போகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அந்தப் பழைய காட்டுத் தேக்கு இனிக் கட்டையாகக் கப்பல் ஏறி வராது. முட்டைப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள். இடிக்கும்போது சுவரும் பூச்சும் சுதையும் குப்பை மேடாகின்றன. மரத்தில் பழுதில்லாத பகுதி தூணாகப் போகிறது, மற்றது பலகையாக அறுபடுகிறது.

இடம் மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், பிரித்துக் கொண்டுபோன செட்டிநாட்டு வீடு மீண்டும் எழுந்து நிற்கிறது. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்தது என்று குறித்து, அறிந்த கைகள் கட்டினால் பயணம் தொடர்கிறது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் கோத்தமங்கலத்திலும் சில வீடுகள் விடுதிகளாகி, இருந்த இடத்திலேயே பிழைத்திருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறிய பிறகும் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வீட்டுக்கு ஒரு பேரேடு

செய்ய வேண்டியவை மலைப்பானவை அல்ல. இடிப்பு அனுமதி கேட்கும் ஒவ்வொரு பழைய வீட்டையும் அளந்து, படமெடுத்து, ஆவணமாக்கிய பிறகே அனுமதி தர வேண்டும் என்று உள்ளாட்சிகள் விதிக்கலாம். கூரைப் பழுதுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர அரசு முன்வரலாம். கூரை பிழைத்தால் வீடு பிழைக்கும். பழம்பொருள் வாங்குபவர்கள் தூண் வந்த ஊரையும் வீட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். புது வீடு கட்டுபவர்கள் பழைய வீட்டின் தூணைத் தேடுவதைவிட ஆத்தங்குடிக்காரரிடம் தரை ஓடு வாங்கலாம். அதனால் ஒரு கைத்தொழில் வாழும், ஒரு வளவும் இடிபடாது.

இதையெல்லாம்விட முதல் வேலை வீட்டுக்காரர்களுடையது. உலகம் வியக்கக் கணக்கு எழுதிய சமூகம் இது. பர்மாவில் கொடுத்த கடனுக்குப் பேரேடு இருந்தது, இன்று வளவில் மிஞ்சி நிற்கும் தூண்களுக்கு இல்லை. அடுத்த படைப்புக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். தூண் எத்தனை, நிலை எத்தனை, எந்த ஓடு எந்த அறையில் என்று எண்ணி எழுதுங்கள். பரணில் கிடக்கும் பழைய கடிதங்களையும் கணக்குகளையும் எடுத்துப் பாருங்கள். எந்தத் துறையில் இறங்கியது, எத்தனை வண்டி வந்தது, வண்டிக்காரருக்கு என்ன கூலி கொடுத்தது என்பது அவற்றில் இருக்கக்கூடும். வீட்டில் மூத்த ஆச்சி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

விற்பதா வைப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். முதலில் எண்ணி எழுதுங்கள். லாரி வந்து நின்ற பிறகு அதற்கு நேரம் இருக்காது.